பலகைக்கு இழுக்கத் தெரியாது

தலைமை நாற்காலியில், கழுத்துப் பட்டையைத் தளர்த்தினாலும் கண்ணியத்தைத் தளர்த்தாமல் அமர்ந்திருக்கும் நம் பறக்கும் சங்கத்தின் தலைவர், கண் மருத்துவர் அவர்களே! அவருக்கு வலப்பக்கம், வரவேற்புரை என்ற பெயரில் வானத்தையே வளைத்து வாசலில் தோரணமாகக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் செயலாளர் அவர்களே! இடப்பக்கம், புதிய வானிலைப் பலகையை விற்க வந்து, விற்றும் முடித்துவிட்ட நிறுவனத்தின் தம்பி அவர்களே! முன்வரிசையில், கூரை போட்ட கொட்டகைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத பைலட் பெருமக்களே! அவர்களுள் ஒருவராய், நான் வாய் திறக்கும் முன்பே தலையைக் குனிந்துகொண்டுவிட்ட என் வீட்டுக்காரரே! அவருக்குப் பக்கத்தில், 'அம்மா, சுருக்கமா' என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருக்கும் என் மகளே! இந்தப் பறவைகளைப் பெற்ற தாய்மார்களே, கட்டிக்கொண்ட சகோதரிகளே! நாற்காலி காலியாக இருந்தும் விமானத்தின் இறக்கையோரம் நின்றே கேட்கும் மெக்கானிக் அண்ணன் அவர்களே! தட்டு நிறையத் தேநீரோடு, எப்போது முடியும் என்று காத்திருக்கும் கேன்டீன் அக்கா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் ஓர் இல்லத்தரசியின் பணிவான வணக்கம்.

வந்தவர்களைச் சொல்லிவிட்டேன். வரவை எழுதினால் பற்றையும் எழுதிப் பழகியவள் நான். ஆகவே வராதவரையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கொட்டகையின் பின்னால், இரும்புப் படி ஏறினால், ஓடுபாதையைப் பார்த்த ஒற்றை ஜன்னல் வைத்த ஓர் அறை இருக்கிறது. அதில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, நமக்கு வானிலை சொல்லும் ஓர் அதிகாரி அம்மையார். அவருக்கு இன்று அழைப்பிதழ் போகவில்லை. இன்றைய விழாவே அவருடைய நாற்காலியை அப்புறப்படுத்துவதற்கான விழா. அப்புறப்படுத்தும்போது அதில் உட்கார்ந்திருப்பவரையே கூப்பிட்டு மாலை போடுவது நாகரிகமாக இருக்காது என்று நினைத்திருப்பார்கள். நாகரிகத்தில் நம் சங்கத்தை மிஞ்ச ஆளுண்டா?

எனக்குக் கொடுத்த வேலை, குடும்பத்தினர் சார்பில் நன்றி கூறுவது. "சும்மா நாலு வார்த்தைம்மா, பலகை நல்லா இருக்குன்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க" என்றார் செயலாளர். பலகை நன்றாகத்தான் இருக்கிறது. அகலம் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, ஓரத்தில் பித்தளைச் சட்டம்கூட இருக்கிறது. நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். இனி வருவது ஐந்தாவது வார்த்தை.

பின்வரிசையில் இருக்கும் தாய்மார்களுக்கு முதலில் விஷயத்தை விளக்கிவிடுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் தெரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டிருக்கட்டும். பெரிய விமானத்துக்குப் பின்னால் ஒரு பட்டாளமே இருக்கிறது. நம் வீட்டு ஆட்கள் ஓட்டுவது சிறு விமானம். ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்புவதுபோலக் கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் ஒரு ஃபோன் போடுவார்கள். எடுக்கிறவர், மேகம் எங்கே, காற்று எந்தப் பக்கம், மலைக்கணவாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லுவார். சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்பார். அந்தத் திருப்பிக் கேட்பது இருக்கிறதே, அதைத்தான் இந்தச் சனிக்கிழமை மாலையோடு நிறுத்தப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் முதல்முறையாகத் தன்னந்தனியாகக் கணவாயைத் தாண்டிப் பறக்கப் போகிறாள். சனிக்கிழமை அறை மூடும். ஞாயிற்றுக்கிழமை மகள் பறப்பாள். இப்போது புரிகிறதா, நன்றியுரை ஏன் கொஞ்சம் நீளும் என்று?

கல்லூரி வாசலை மிதிக்காதவள் இதையெல்லாம் பேசலாமா என்று முன்வரிசையில் ஒரு புருவம் உயர்கிறது. ஐயா, பைலட் பரீட்சைக்கு என் கணவர் படித்தபோது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டது நான். அவர் அந்தப் பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதினார். அதனால் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சிரிக்காதீர்கள், அவர் பாவம், ஏற்கெனவே குனிந்திருக்கிறார்.

சற்று முன் செயலாளர் என்ன முழங்கினார்? "இனி இந்தச் சங்கத்தில் இழுவை இல்லை! போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தை! ஒரே பார்வை!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்த அம்மையாருக்கு நம் பைலட்மார்கள் வைத்திருக்கும் பட்டப்பெயரே 'இழுவை மேடம்' ஆயிற்றே! எதைக் கேட்டாலும் இழுப்பாராம். சட்டென்று ஒரு பதில் வராதாம். கேள்விக்குக் கேள்விதான் வருமாம்.

ஆமாம், இழுப்பார். அந்த இழுவையால்தான் இன்று என் வீட்டுக்காரர் உங்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறார்.

கேளுங்கள். என் நாத்தனாருக்கு அறுவை சிகிச்சை. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அக்காவைப் பார்க்கத் தம்பி துடிக்கிறார். காலை நேரம். நான் பிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் அடுப்படி மேடையில் ஃபோனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, ஒரு கையால் சட்டைப் பொத்தானை மாட்டுகிறார்.

"மேடம், கணவாய் எப்படி இருக்கு?"

"இப்போ திறந்துதான் இருக்கு."

"அப்போ போகலாமா?"

"போகலாம்தான்..."

அவ்வளவுதான். அந்தத் 'தான்' என் அடுப்படியில் வந்து நின்றது. ஊற்றிய கஞ்சி நின்றது. பொத்தான் மாட்டிய கை நின்றது.

தமிழில் பிறந்தவர்களே, உங்களைக் கேட்கிறேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவரிடம் "பையன் எப்படி?" என்று கேட்கிறோம். "நல்ல பையன்" என்றால் ஒன்று. "நல்ல பையன்தான்" என்றால் வேறொன்று! அந்த ஒரு 'தான்' விழுந்தால் நாம் மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்போமா? "சாப்பாடு இருக்கு" என்றால் இலை போடலாம். "இருக்குதான்" என்றால் எழுந்து கை கழுவலாம். அகராதி பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பொருள். ஆனால் காதுள்ளவனுக்கு? சம்மதத்தின் கழுத்தில் சந்தேகத்தின் கை!

"என்ன மேடம் 'தான்'?" என்றார் இவர்.

"எப்போ திரும்புறீங்க?"

"மத்தியானம் சாப்பிட்டுட்டு, ஒரு மூணு மணிக்கு."

"மூணு மணிக்கு உங்களுக்காகக் கணவாய் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்குமா? மதியத்துக்கு மேல அங்க மேகம் கட்டும் சார். போறதுக்கு வழி இருக்கு. வர்றதுக்கு?"

"அப்படின்னா நைட் தங்கிடறேன்."

"தங்குங்க. அது சரி, குரல் ஏன் கட்டியிருக்கு? சளியா?"

"லேசா."

"லேசா இருந்தா 'ம'வுக்கு 'ப' வருமா சார்? 'பேடம், பேடம்'னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. மாத்திரை போட்டீங்களா?"

இவர் என்னைப் பார்க்கிறார். நான் அலமாரியைப் பார்க்கிறேன். தூக்கம் வரும் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கும் மாத்திரை.

"ஒண்ணே ஒண்ணு மேடம்."

"ஒண்ணே ஒண்ணு போதும். மேல ஏறி இறங்கும்போது அடைச்ச காது உயிரை எடுக்கும். நடுவுல தூக்கம் வேற. அக்காவைப் பார்க்கப் போறீங்களா, அக்கா பக்கத்துக் கட்டில்ல படுக்கப் போறீங்களா? கார்ல போங்க சார். கார் ஓட்டறதும் நீங்க வேண்டாம்."

என் தம்பிதான் கார் ஓட்டினான். இவர் ஏறியவுடன் தூங்கியவர், மருத்துவமனை வாசலில் என் தம்பி உலுக்கும்வரை கண் திறக்கவில்லை. குறட்டை மட்டும் அச்சு அசல் விமானம். அந்தக் குறட்டையை ஆகாயத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள்!

இப்போது, பலகை விற்ற நிறுவனத்துத் தம்பி, உங்கள் பலகையைக் கேட்கிறேன். என் வீட்டுக்காரரின் மூக்கு அடைத்திருந்ததை உங்கள் பலகை எந்த மூலையில் காட்டும்?

என்ன தம்பி? சத்தமாகச் சொல்லுங்கள், மைக் என்னிடம் இருக்கிறது, நான் திருப்பிச் சொல்கிறேன். "அந்த மேடம் பார்க்கிற அதே தகவல்தான் பலகையிலும் வருது" என்கிறார். உண்மை! முழு உண்மை! ஒரே செயற்கைக்கோள், ஒரே படம், ஒரே எண்கள். நான் மறுத்தேனா? வானத்தைப் பார்ப்பதில் உங்கள் பலகை அந்த அம்மையாருக்கு இம்மியும் குறைந்ததில்லை. ஆனால் தம்பி, பறக்கப் போவது வானமா? வானம் அங்கேயேதான் இருக்கப் போகிறது. பறக்கப் போகிறவன், பரபரப்பில் இருக்கிறவன், பதிலை முடிவு செய்துவிட்டுக் கேள்வி கேட்கிறவன், அவனை யார் பார்ப்பது?

அந்த அம்மையார் தவறே செய்யாத தெய்வப் பிறவி என்றும் நான் சொல்லவில்லை. என் மகன் திருமணத்துக்குத் துணி எடுக்கக் கிளம்பிய நாளில் வேண்டவே வேண்டாம் என்று தடுத்தார். அன்று வானம் துவைத்துக் காயப்போட்ட துணிபோலப் பளிச்சென்று இருந்தது. இவர் நாளெல்லாம் வாசலில் நின்று மேலே பார்த்து அவரைத் திட்டினார். திட்டட்டும். திட்டுகிறவர் வீட்டு வாசலில் நின்று திட்டினார் அல்லவா? எனக்கு அது போதும்.

அடுத்து, பலகையின் பெருமைக்கு வருவோம். செயலாளர் அவர்களே, ஏன் நெளிகிறீர்கள்? நான் உங்கள் வீட்டு விஷயம் எதையும் பேசப் போவதில்லை. நீங்களே செயற்குழுவில் பேசி, நீங்களே தீர்மானமாக்கி, அறிவிப்புப் பலகையில் நீங்களே ஒட்டிய விஷயத்தைத்தான் பேசப் போகிறேன்.

போன மாதம் இந்தப் பலகையைச் சோதனைக்கு மாட்டியிருந்தார்கள். பார்வைக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று எழுத்தை முழ நீளத்துக்கு வைத்திருந்தார்கள். பெரிய எழுத்து, சிறிய பலகை, ஒரு வரி முழுதாகக் கொள்ளவில்லை. முதலில் ஒரு துண்டு வரும், அது மறைந்து அடுத்த துண்டு வரும். அன்று பலகை சொல்ல வந்த வாக்கியம் இது: "பிற்பகல் கணவாய் மேகத்தால் மூடிப் போகலாம்." முதல் துண்டு, "பிற்பகல் கணவாய் மேகத்தால் மூடிப்." இரண்டாம் துண்டு, "போகலாம்."

ஆஹா, பின்வரிசையில் புரிந்துவிட்டது! பார்த்தீர்களா, தாய்மார்களுக்கு முதலில் புரிகிறது!

கையில் காபியோடு செயலாளர் உள்ளே வருகிறார். நிமிர்ந்து பார்க்கிறார். பச்சை நிறத்தில், பளபளவென்று, முழ நீளத்தில், ஒரே வார்த்தை: போகலாம்! ஒரே பார்வை! இழுவை இல்லை! பின்னால் வந்த மெக்கானிக் அண்ணன் கேட்கிறார், "சார், மாடியில ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?"

"எதுக்குய்யா? போர்டே போகலாம்னு சொல்லிடுச்சு. இன்னும் அந்த இழுவைகிட்ட போய்க் கதை கேக்கணுமா?"

போனார். மூடிப் போகலாம் என்றதும் மூடித்தான் போயிற்று. கணவாயின் வாய்க்குள் நுழைந்தவருக்கு முன்னும் வெள்ளை, பின்னும் வெள்ளை, பக்கத்தில் மலை. எப்படியோ கீழே மேகத்தில் ஒரு கிழிசலைப் பார்த்து இறங்கி, ஒரு பள்ளிக்கூடத்துக் கால்பந்து மைதானத்தில் கோல் கம்பத்துக்கு நடுவே நுழைந்து நின்றார். சங்க வரலாற்றில் நாம் அடித்த ஒரே கோல்! இறைவன் கருணை, மைதானத்தில் பிள்ளைகள் இல்லை. செயலாளருக்கு ஒரு கீறல் இல்லை. அதற்காக நான் அன்றே கைகூப்பிப் பிரார்த்தனை செய்தேன். அதில் கிண்டல் இல்லை. விமானம்தான் இறக்கையைக் கழற்றி லாரியில் வந்தது. போனது ஆகாயத்தில், வந்தது லாரியில்.

இதற்குச் செயற்குழு கூடியது. விவாதித்தது. தீர்மானித்தது. என்னவென்று? மனிதக் குரலைக் கேட்காமல் கிளம்பக் கூடாது என்றா? இல்லை! பலகையைக் கழற்றிக் கோணியில் கட்ட வேண்டும் என்றா? இல்லை! "எழுத்தின் அளவைச் சிறிதாக்குவது எனத் தீர்மானிக்கப்பட்டது." அறிஞர்களே! ஆகாயம் அளந்த ஆற்றலாளர்களே! ஓர் உயிர் மயிரிழையில் தப்பியது. நீங்கள் எழுத்தின் அளவைக் குறைத்தீர்கள். அதையும் செய்து முடித்துவிட்டு, மாடி அறையை மூட நாளும் குறித்தீர்கள்!

தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். "அம்மா, நேரமாகிவிட்டது. முடிக்கலாம்." முடிக்கலாம்தான்...

கை தட்டுங்கள், தட்டுங்கள். அக்கா, அந்தத் தேநீரைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள், பைலட்மார்கள் மேலே கொட்டிவிடப் போகிறது.

சிக்கனம் என்கிறார்கள். ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளம் மிச்சம் என்கிறார்கள். குடும்பக் கணக்கை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறவள் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். அவரைச் செலவுப் பக்கத்தில் எழுதினீர்கள், சரி. அவர் குரலால் கிளம்பாமல் வீட்டிலேயே இருந்தவர்களை எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்? நடக்காத விபத்துக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லை என்பதற்காக வரவே இல்லை என்று எழுதினால் அது கணக்கா?

இன்று சங்கக் கொடியேற்றத்தின்போது செயலாளர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு என்னம்மா கவலை, நீங்கதான் பொழுது விடிஞ்சா சாமி கும்பிடுறீங்களே, அவர் பாத்துக்க மாட்டாரா?" பார்த்துக்கொள்வார். என் ஆண்டவனைப் பற்றி உங்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். நான் எத்தனையோ வேண்டுதல் வைத்திருக்கிறேன். ஒன்றுக்காவது அவர் பச்சை விளக்குப் போட்டு ஒரே வார்த்தையில் பதில் சொன்னதுண்டா? அவரும் இழுப்பார். யோசி என்பார். உன் மனசு இப்போது எப்படி இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார். உங்கள் பலகையைவிட மாடி அறைதான் அவர் வழக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கடைசியாக, என் மகள். முறைக்காதே கண்ணே, உன் மானத்தை வாங்க மாட்டேன்.

அவள் பலகையின் கட்சி. "அம்மா, ஃபோன் போட்டுக் கேக்கறதெல்லாம் அப்பா காலத்து வேலை. அவங்க நோண்டி நோண்டிக் கேக்கறாங்க, எரிச்சலா வருது" என்பாள். சென்ற வாரம் பயிற்சிக்குக் கிளம்பும் முன் எங்கள் இருவருக்கும் பெரிய சண்டை. எதற்கு என்பது வீட்டோடு. சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். இங்கே வந்து மாடிக்கு ஃபோன் போட்டிருக்கிறாள். பயிற்சியில் இருப்பவர்கள் கேட்டே ஆக வேண்டும் என்று சங்க விதி இருக்கிறதே, அதற்காக. மேகம் கேட்டாள், காற்று கேட்டாள், எல்லாம் சரி. பிறகு அந்த அம்மையார், "உனக்கு என்னம்மா?" என்றிருக்கிறார்.

"ஒண்ணும் இல்லையே."

"வானத்துல ஒண்ணும் இல்ல, அது எனக்குத் தெரியும். உன் குரல்ல என்ன?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன்ல!"

"சரி. கேன்டீன்ல ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு, அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டுட்டு, மறுபடி எனக்குக் கூப்பிடு. அதுவரைக்கும் காத்து உனக்காக நிக்கும், நான் சொல்லி வைக்கிறேன்."

என் மகள் எனக்கு ஃபோன் செய்தாள். என்ன பேசினோம் என்பதும் வீட்டோடு. மறுபடி மாடிக்குக் கூப்பிட்டாள். அப்போதுதான் அவர் சொன்னார்: "இப்போ சரி. போயிட்டு வாம்மா."

சபையோரே! இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அந்த அம்மையார் ஒருநாளும் 'போகலாம்' என்று சொல்லி ஃபோனை வைத்ததில்லை. ஐயம் இருந்தால் 'போகலாம்தான்.' ஐயம் தீர்ந்தால் 'போயிட்டு வாங்க.' வாசலில் நிற்கும் எந்த மனைவி 'போ' என்கிறாள்? எந்தத் தாய் 'போ' என்கிறாள்? போவதற்குள்ளேயே வருவதையும் வைத்துக் கட்டித்தானே நாம் அனுப்புகிறோம்! பலகைக்குப் போவது மட்டும்தான் தெரிகிறது. பளபளக்கத் தெரிந்த பலகைக்கு, பச்சை காட்டத் தெரிந்த பலகைக்கு, பாதி வாக்கியம் பேசத் தெரிந்த பலகைக்கு, வா என்று சொல்லத் தெரியவில்லை!

என் மகளின் 'ஒண்ணும் இல்லை'யில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள் இந்த உலகில் இரண்டே பேர். ஒருத்தி நான். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் விமானத்தில் ஏறும்போது நான் வேலிக்கு வெளியே நிற்பேன். என் குரல் அவளுக்கு எட்டாது. எட்டக்கூடிய இன்னொரு குரலின் கம்பியைத்தான் நீங்கள் சனிக்கிழமை அறுக்கப் போகிறீர்கள்.

பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. மாட்டுங்கள், பித்தளையைத் துடையுங்கள், விருந்தாளிகளுக்குக் காட்டுங்கள். மாடி விளக்கை மட்டும் அணைக்காதீர்கள்.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்ட பெருமக்களுக்கும், குனிந்த தலை இன்னும் நிமிராத என் வீட்டுக்காரருக்கும், ஆறிப்போன தேநீருக்காகக் கேன்டீன் அக்காவுக்கும் நன்றி. எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள், வணக்கம்.

தலைவர் அவர்களே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் கூப்பிடும்போது மாடியில் அந்த ஃபோனை எடுக்க அவர் இருப்பாரா, மாட்டாரா? வெள்ளிக்கிழமைக்குள் தயவுசெய்து பதில் சொல்லிவிடுங்கள்.